"என்னோடது" என்று கத்தினால் ஃபவுலா? களத்தில் குரல் கொடுப்பதும் குரலால் ஏமாற்றுவதும்

எட்டாம்எண் எழுதியது:

வணக்கம். ஒரே கால்பந்து ஆட்டத்தில் நடுவர் எடுத்த இரண்டு முடிவுகளை இங்கே முன்வைக்கிறேன். விதி தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

முதல் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்துக்கு எங்கள் நடுக்கள வீரர்கள் இருவர் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அவர்களில் ஒருவர் "என்னோடது!" என்று குரல் கொடுத்துவிட்டுப் பந்தைத் தலையால் முட்டினார். பக்கத்தில் எதிரணி வீரர் எவரும் இல்லை. ஆனாலும் நடுவர் விசில் ஊதி, பெயர் சொல்லாமல் கத்தியது தவறு என்று கூறி எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (இன்னொரு வீரரைத் தொடாமல் நேரே கோல் அடிக்க முடியாத உதை) கொடுத்தார்.

இரண்டாம் பாதியில் எங்கள் தடுப்பாட்டக்காரர் தம் கோலை நோக்கி ஓடியபடி பந்தை வெளியே அடிக்கத் தயாரானபோது, அவருக்குப் பின்னால் வந்த எதிரணி முன்கள வீரர் "விடு, விடு, நான் எடுக்கிறேன்!" என்று கத்தினார். எங்கள் கோல்கீப்பர்தான் அழைக்கிறார் என்று நினைத்து அவர் பந்தை விட்டுவிட்டார். முன்கள வீரர் அதை எடுத்துக் கோல் அடித்தார், நடுவரும் கோல் என்று அறிவித்தார். எங்கள் அணித்தலைவர் முறையிட்டதற்கு, ஏமாந்தது உங்கள் ஆளின் பிழை என்பதே பதிலாக வந்தது. இந்த இரண்டு முடிவுகளும் ஒரே விதிப்புத்தகத்திலிருந்து வந்திருக்க முடியுமா?


இடதுபின்வரிசை எழுதியது:

முதல் முடிவு சரியானதே. பந்தைக் கேட்கும்போது பெயரையோ அணியின் பெயரையோ சொல்ல வேண்டும். வெறுமனே "என்னோடது", "விடு" என்று கத்தக் கூடாது. இது நான் சிறுவயதில் விளையாடத் தொடங்கியபோதே சொல்லிக்கொடுக்கப்பட்ட விதி. அதற்காக விசில் ஊதிய பல நடுவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முடிவு தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை.


பழையநடுவர் எழுதியது:

இரண்டு முடிவுகளும் தவறு. குற்றம் செய்யாதவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார். குற்றம் செய்தவருக்குக் கோல் பரிசாகக் கிடைத்திருக்கிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறான நம்பிக்கை வீரர்களிடம் மட்டுமன்றி நடுவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது.

ஆட்ட விதிகளை வகுப்பது 1886-இல் தோன்றிய சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம். அதன் பதினேழு விதிகளில் எந்த இடத்திலும் பந்தைக் கேட்கும்போது பெயர் சொல்ல வேண்டும் என்ற வாசகம் இல்லை. "என்னோடது" என்ற சொல்லோ "விடு" என்ற சொல்லோ தடைசெய்யப்படவும் இல்லை. குரல் தொடர்பாக நமக்குத் தேவையான வாசகம் 12-ஆம் விதியில் இருக்கிறது. விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தைக்காக மஞ்சள் அட்டை காட்டப்பட வேண்டிய செயல்களின் பட்டியலில், ஆட்டம் நடக்கும்போதோ மறுதொடக்கத்தின்போதோ எதிரணி வீரரின் கவனத்தைப் பேச்சால் சிதறடிப்பதும் ஒன்று. அந்த வாசகத்தில் இருக்கும் "எதிரணி வீரர்" என்பதுதான் முழுக் கேள்வியையும் தீர்க்கிறது. தன் அணியினருக்குக் குரல் கொடுப்பவர், அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், இந்த வாசகத்துக்குள் வருவதே இல்லை.

ஆகவே நடுவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது என்ன சொல் சொல்லப்பட்டது என்பதை அல்ல. அந்தக் குரல் யாரை நோக்கிச் சென்றது, அதனால் எதிரணி வீரர் ஒருவர் செய்யவிருந்ததைச் செய்யாமல் விட்டாரா, அவரை அப்படிச் செய்யவைப்பதற்காகவே அது எழுப்பப்பட்டதா என்பவையே கேள்விகள். உங்கள் நடுக்கள வீரர் கத்தியபோது கவனம் சிதறுவதற்கு அருகில் எதிராளியே இல்லை. விசிலுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவது நிகழ்வில் மூன்று கேள்விகளுக்கும் விடை தெளிவு. ஆட்டத்தை நிறுத்தி, முன்கள வீரருக்கு மஞ்சள் அட்டை காட்டி, உங்கள் அணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்திருக்க வேண்டும். பேச்சால் செய்யப்படும் எல்லாக் குற்றங்களுக்கும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்தான் தண்டனை என்று அதே விதி தனியாகச் சொல்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சால் கவனத்தைச் சிதறடித்ததற்காக ஃப்ரீ கிக் கொடுக்கும் நடுவர் அட்டையையும் காட்டியே ஆக வேண்டும். அந்தச் செயல் மஞ்சள் அட்டைக் குற்றமாக மட்டுமே விதியில் இருக்கிறது. அட்டை இல்லாத சாதாரண ஃபவுலாக அது எங்கும் சொல்லப்படவில்லை. "பெயர் சொல்லவில்லை" என்று ஊதிவிட்டு அட்டை காட்டாமல் நகரும் நடுவர், தாம் ஊதியதற்கு விதியில் இடமில்லை என்பதைத் தம் செயலாலேயே காட்டிவிடுகிறார்.


இடதுபின்வரிசை எழுதியது:

விதிப்புத்தகத்தில் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் இத்தனை பேர் இத்தனை காலமாக ஒன்றை விதி என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குப் பின்னால் ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? வெறும் வதந்தி இவ்வளவு தூரம் பரவுமா?


பயிற்சிக்களம் எழுதியது:

பரவியதற்குக் காரணம் எங்களைப் போன்ற பயிற்சியாளர்கள்தான். பெயர் சொல்லிப் பந்தைக் கேட்கும்படி நாங்கள் கற்றுக்கொடுப்பது உண்மை. அது நல்ல பழக்கமும்கூட. "என்னோடது" என்று ஒரே சமயத்தில் மூன்று பேர் கத்தினால் யாருடையது என்று எவருக்கும் புரியாது. பெயரைச் சொன்னால் பின்னால் திரும்பிப் பார்க்காமலே யார் வருகிறார் என்பது தெரிந்துவிடும். எதிரணி வீரர் ஏமாற்றுவதற்காகக் குரல் கொடுத்தாலும், நம் ஆளின் பெயர் அதில் இல்லாவிட்டால் நாம் ஏமாற மாட்டோம். இத்தனை நன்மைகள் இருப்பதால் சிறுவர்களுக்குச் சொல்லும்போது "பெயர் சொல்லாவிட்டால் ஃபவுல்" என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிறுவர்களில் சிலர் வளர்ந்து விசிலை எடுக்கும்போது அந்தச் சுருக்கம் தண்டனையாகிவிடுகிறது.

நடுவருக்கு ஐயம் எழாமல் இருக்கவும் பெயர் உதவுகிறது. இரண்டு அணியினரும் நெருங்கி நிற்கும் இடத்தில் "விடு" என்ற குரல் எழுந்தால் அது யாருக்கானது என்று நடுவர் ஊகிக்க வேண்டியிருக்கும். பெயரோடு எழுந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் இது வீரர் தமக்குத் தேடிக்கொள்ளும் பாதுகாப்பே தவிர, அதைத் தேடாதவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.


வலையருகே எழுதியது:

கோல்கீப்பராக ஒரு குறுக்குக் கேள்வி. பந்து உள்ளே தூக்கி அடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நான் "கீப்பர்!" என்று முழுத் தொண்டையோடு கத்துகிறேன். அதில் என் பெயர் இல்லை. அதைக் கேட்டு எதிரணி முன்கள வீரர் ஒருவர் தயங்கிப் பின்வாங்கினால் நான் அவர் கவனத்தைச் சிதறடித்தவனாக ஆவேனா? பெயர் கட்டாயம் என்று வாதிடுவோர் எந்தக் கோல்கீப்பருக்கும் எதிராக விசில் ஊதி நான் பார்த்ததில்லை. அதுவே அந்த வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்குச் சான்று என்று நினைக்கிறேன்.


பழையநடுவர் எழுதியது:

ஆக மாட்டீர்கள். உங்கள் குரல் உங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்கு வழிவிடச் சொல்கிறது. எதிராளி அதைக் கேட்டுத் தயங்குவது பக்கவிளைவு. களத்தில் எழும் எல்லாக் குரல்களையும் இரு அணியினரும் கேட்கத்தான் செய்வார்கள். அதைக் கேட்டு ஒருவர் முடிவை மாற்றிக்கொள்வது மட்டும் குற்றத்துக்குப் போதாது. தாக்கும் அணியில் ஒருவர் பின்னால் வரும் தம் சகவீரருக்காக "விடு!" என்று கேட்க, முன்னால் நிற்பவர் காலை விரித்துப் பந்தைப் போகவிட, நடுவில் நின்ற தடுப்பாட்டக்காரர் குழம்பிப்போவதும் அப்படித்தான். அழைப்பு தம் அணியினருக்கு, அழைத்தபடியே பந்தும் விடப்பட்டது. குழம்பியவருக்கு அங்கே முறையிட ஒன்றும் இல்லை.


நேர்வாதி எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. ஏமாற்றுவது கால்பந்தின் உயிர்நாடி. இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வலப்பக்கம் பந்தைத் தட்டுகிறோம். உதைப்பதுபோல் காலை ஓங்கி நிறுத்துகிறோம். பந்தின் மேல் காலைச் சுழற்றி எதிராளியைத் தவறான பக்கம் சாய வைக்கிறோம். பெனால்டி எடுப்பவர் ஓடி வரும்போது தயங்கி ஏமாற்றுவதைக்கூட விதி அனுமதிக்கிறது. ஓட்டத்தை முடித்தபின் உதைப்பதுபோல் பாவனை செய்வதைத்தான் தடுக்கிறது. உடலால் பொய் சொன்னால் கைதட்டல், வாயால் பொய் சொன்னால் மஞ்சள் அட்டை என்றால், இந்த வேறுபாட்டுக்கு என்ன நியாயம்? எட்டாம்எண் கூறிய நிகழ்வில் தடுப்பாட்டக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதுமே. நடுவரின் பதிலில் எனக்கு அவ்வளவு குறை தெரியவில்லை.


பயிற்சிக்களம் எழுதியது:

நல்ல கேள்வி. விதி இதற்குக் காரணம் சொல்வதில்லை; விதிகள் பொதுவாகச் சொல்வதும் இல்லை. ஆனால் பயிற்சி கொடுப்பவனுக்கு அந்தக் காரணம் நாள்தோறும் கண்ணில் படுகிறது.

உடலால் செய்யும் ஏமாற்று எதிராளியின் கண்ணெதிரே நடக்கிறது. அவர் பந்தையும் இடுப்பையும் பார்த்து எது பாவனை என்று தீர்மானிக்கலாம், பயிற்சியால் அந்தத் தீர்மானத்தைக் கூர்மையாக்கலாம். அது திறமைக்கும் திறமைக்கும் இடையிலான போட்டி. குரல் அப்படியல்ல. பார்க்க முடியாத இடத்தைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே சகவீரரின் குரலை நம்புகிறோம். பின்னால் ஆள் இல்லை, திரும்பலாம் என்று ஒருவர் சொல்லும்போது அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்றால் அந்தக் குரலால் பயன் இல்லை; சரிபார்க்கும் நேரத்துக்குள் பந்து பறிபோயிருக்கும். திரும்பிப் பார்த்திருந்தால் போதும் என்கிறீர்கள். பந்தின்மேல் கண் வைத்துக் கோலை நோக்கி ஓடுகிறவருக்குத் திரும்பிப் பார்க்கும் வசதி இருந்தால் அவருக்குக் குரலே தேவைப்பட்டிருக்காது.

இதைவிடப் பெரிய காரணம் காயம். வெளியே ஓடிவரும் கோல்கீப்பரும் பின்னோக்கி ஓடிவரும் தடுப்பாட்டக்காரரும் ஒரே பந்தின்மேல் கண் வைத்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அவர்கள் மோதிக்கொள்ளாமல் தடுப்பது ஒரு குரல் மட்டுமே. தலையால் முட்ட எழும் இரண்டு சகவீரர்களின் மண்டைகளைக் காப்பதும் அதுதான். எதிரணியின் போலிக் குரலுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் அடுத்த வாரமே எல்லா அணிகளும் அதைச் செய்யும். அதற்கு அடுத்த வாரம் எவரும் எந்தக் குரலையும் நம்பாமல் பந்துக்குப் பாய்வார்கள். ஒரு கோல் கூடுதலாக விழுந்தது என்பதோடு அந்த இழப்பு முடியாது. இந்தக் குற்றத்துக்கு வெறும் ஃப்ரீ கிக்கோடு நிற்காமல் அட்டையும் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடே. இன்னும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தலாம் என்பதே என் கருத்து.


நேர்வாதி எழுதியது:

மோதலைப் பற்றிய வாதம் வலுவானது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனாலும், கோலை நோக்கி உதைக்கப்போகிறவரின் காதருகே "ஹேய்!" என்று கத்துவதையும் இதோடு சேர்ப்பது ஏன் என்பது புரியவில்லை. அங்கே எவரும் சகவீரர்போல் நடிக்கவில்லையே.


சட்டப்புத்தகம் எழுதியது:

விதி நடிப்பைப் பற்றிப் பேசவே இல்லை, கவனச்சிதறலைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே சகவீரர்போலப் பேசுவதும் காதருகே அலறுவதும் ஒரே வாசகத்துக்குள்தான் வரும். இங்கே நான் எழுப்ப விரும்புவது வேறு இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, "கவனத்தைச் சிதறடிக்கிறார்" என்றுதான் வாசகம் இருக்கிறது. "சிதறடிக்க முயல்கிறார்" என்று இல்லை. அதே 12-ஆம் விதி உதைப்பது, தடுக்கி விழவைப்பது, அடிப்பது ஆகியவற்றைச் சொல்லும்போது முயற்சியையும் சேர்த்தே குற்றமாக்குகிறது. அப்படியானால் ஒருவர் அலற, உதைப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் அமைதியாகக் கோல் அடித்துவிட்டால், அலறியவருக்கு அட்டை காட்ட இந்த வாசகம் இடம் தருகிறதா?

இரண்டு, தெளிவான கோல் வாய்ப்பை ஃப்ரீ கிக் கொடுக்கத்தக்க ஒரு குற்றத்தால் கெடுப்பவரைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்ற வேண்டும் என்று விதி கூறுகிறது. அது டைரக்ட் ஃப்ரீ கிக் என்று சொல்லவில்லை. ஃப்ரீ கிக் என்றே சொல்கிறது. கோல்கீப்பர் மட்டும் எதிரில் இருக்க, பந்தோடு தனியாக ஓடுகிற முன்கள வீரரைப் பின்னால் துரத்தும் தடுப்பாட்டக்காரர் "விடு, என்னோடது!" என்று அவருடைய சகவீரர்போல் கத்தி நிறுத்திவிட்டால், வாசகத்தின்படி அது சிவப்பு அட்டை அல்லவா?


பழையநடுவர் எழுதியது:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. ஆம், சிவப்பு அட்டையே. கோல்வரை உள்ள தூரம், ஓட்டத்தின் திசை, பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வாய்ப்பு, எதிரே உள்ள தடுப்பாட்டக்காரர்களின் எண்ணிக்கையும் நிற்கும் இடமும் ஆகிய நான்கையும் பார்த்து அது தெளிவான கோல் வாய்ப்பு என்று நடுவர் முடிவுசெய்தால் வேறு வழியில்லை. பெனால்டி பகுதிக்குள் நடந்தாலும் பெனால்டி கிடைக்காது, இன்டைரக்ட் ஃப்ரீ கிக்தான். பெனால்டி கொடுக்கப்படும் சில சூழல்களில் சிவப்பு மஞ்சளாகக் குறைகிறதே, அந்தச் சலுகை இங்கே பொருந்தாது. களத்தில் இதற்கு நெஞ்சுரம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. வாயைத் திறந்ததற்கு வெளியேற்றமா என்று மைதானமே கொந்தளிக்கும். ஆனால் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியவருக்கும் கத்தி நிறுத்தியவருக்கும் இடையே, தாக்கும் அணி இழந்ததில் எந்த வேறுபாடும் இல்லை.

முதல் சிக்கலில் உங்கள் வாசிப்பு கூர்மையானது. பலன் தராத கத்தலுக்காக ஆட்டத்தை நிறுத்துவது, பாதிக்கப்பட்ட அணிக்கே இரண்டாவது முறை கேடு செய்வதாகும். உதைத்த பந்து உள்ளே போகிறதா என்று ஓரிரு நொடி காத்திருக்க வேண்டும், போனால் கோல். அட்டையைப் பொறுத்தவரை, வாசகத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் சிதறாத கவனத்துக்கு அட்டை இல்லை. ஆனாலும் ஆட்டத்துக்கு மரியாதைக் குறைவாக நடந்துகொள்வது என்ற தனி இனம் அதே பட்டியலில் இருக்கிறது. உதைக்கும் நொடியில் காதுக்குள் அலறியவருக்கு அதன்கீழ் மஞ்சள் அட்டை காட்டலாம் என்பதே என் நிலைப்பாடு. அவர் கத்தியது ஏழெட்டு மீட்டர் தொலைவிலிருந்து, உதைத்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால், அடுத்த நிறுத்தத்தில் அழைத்து ஒரு வார்த்தை சொல்வதோடு விட்டுவிடுவேன். இங்கே நடுவருக்கு நடுவர் வேறுபாடு இருக்கும்; இருக்கத்தான் வேண்டும்.


எட்டாம்எண் எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி. எங்கள் ஆட்டத்தில் அந்தக் கோலுக்குப் பின் நடுவட்டத்திலிருந்து ஆட்டம் தொடங்கிவிட்டதால் முடிவை மாற்ற வழியில்லை என்பதும் தெரியும். இப்போது மறுதொடக்கங்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். த்ரோ-இன் எறிபவர் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருப்பது, பெனால்டி எடுப்பவரிடம் கோல்கீப்பர் ஏதேதோ சொல்வது, பயிற்சியாளர் வெளியிலிருந்து எதிரணி வீரரைப் பார்த்துக் கத்துவது, இவையெல்லாம் இதே வாசகத்துக்குள் வருமா? பார்வையாளர்களுக்கு இதில் பொறுப்பு உண்டா?


சட்டப்புத்தகம் எழுதியது:

த்ரோ-இன்னுக்கு 15-ஆம் விதியில் தனி ஏற்பாடே இருக்கிறது. எதிராளி குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எறிபவரின் கவனத்தை நியாயமற்ற முறையில் சிதறடித்தாலோ இடையூறு செய்தாலோ மஞ்சள் அட்டை. பந்து எறியப்பட்டுவிட்டிருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். எறியப்படும் முன்பே நடுவர் தலையிட்டால் பந்து இன்னும் ஆட்டத்துக்குள் வரவில்லை. ஆகவே அட்டை மட்டும் காட்டிவிட்டு அதே த்ரோ-இன்னைத் தொடரச் செய்வார்.

பயிற்சியாளரைப் பொறுத்தவரை, 2019-20 பருவத்திலிருந்து அணி அதிகாரிகளுக்கும் அட்டை காட்டலாம் என்று விதி மாறியிருக்கிறது. தம் வீரருக்கு அறிவுரை சொல்லலாம். எதிரணி வீரரைத் திசைதிருப்பக் கத்துவது அறிவுரை ஆகாது.


வலையருகே எழுதியது:

பெனால்டியைப் பற்றி நான் சொல்கிறேன், என் இனத்தார் பெயர் கெட்டுப்போன இடம் அது. 2021 கோப்பா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்ட்டினெஸ், உதைக்க வந்தவர்களிடம் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் அரங்கம் வெறுமையாக இருந்ததால் அவர் பேசியது ஒலிபரப்பில் உலகத்துக்கே கேட்டது. மூன்று உதைகளைத் தடுத்தார். அர்ஜென்டினா 3-2 என்று வென்றது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் ஷூட்அவுட்டில், பிரான்ஸின் சுவாமேனி உதைக்க வரும் முன் பந்தை எடுத்துத் தூர எறிந்தார். 2023-இல் 14-ஆம் விதியில், உதைப்பவரின் கவனத்தை நியாயமற்ற முறையில் சிதறடிக்கும்படி கோல்கீப்பர் நடந்துகொள்ளக் கூடாது என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. உதைப்பதைத் தாமதப்படுத்துவதும் கம்பத்தையோ வலையையோ தொடுவதும் அதற்கு எடுத்துக்காட்டுகளாகச் சொல்லப்பட்டன. அது அவருக்காகவே எழுதப்பட்டது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

ஆனால் பேச்சு அந்த எடுத்துக்காட்டுகளில் இல்லை. அதற்கு வாரியத்தின் பழைய வாசகமே போதும். நடைமுறையில், உதைப்பவர் பந்தை வைப்பதற்கு முன் நடக்கும் பேச்சை நடுவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஓட்டம் தொடங்கியபின் எழும் குரலைப் பொறுப்பதில்லை. இந்த எல்லை எனக்குச் சரியாகவே படுகிறது.


பக்கக்கோடு எழுதியது:

பார்வையாளர்கள் என்றதும் 1982 உலகக் கோப்பை நினைவுக்கு வருகிறது. ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் பிரான்ஸும் குவைத்தும் மோதின. பிரான்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது அரங்கிலிருந்து எழுந்த விசில் ஒலியை நடுவருடையது என்று எண்ணிக் குவைத் வீரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்; ஜிரேஸ் கோல் அடித்தார். குவைத் வீரர்கள் ஆட மறுத்தார்கள். அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத் தலைவராக இருந்த இளவரசர் பகத் களத்துக்குள்ளேயே இறங்கி வந்தார். சோவியத் நடுவர் ஸ்டூபார் கோலைச் செல்லாது என்று அறிவித்தார். பிரான்ஸ் கடைசியில் 4-1 என்று வென்றது.

இளவரசர் உள்ளே வந்து வாதாடியபின் முடிவு மாறியதால் அந்த நிகழ்வு கேலிப்பொருளாகிவிட்டது. ஆனால் கோலை மறுத்த முடிவு இன்றைய விதிக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. பார்வையாளர் ஊதும் விசில் ஆட்டத்தில் குறுக்கிட்டால் ஆட்டத்தை நிறுத்தி நடுவர் பந்தைக் கீழே விட்டுத் தொடங்க வேண்டும் என்று 5-ஆம் விதியே இப்போது சொல்கிறது. வெளியிலிருந்து எழும் கத்தலுக்கு அப்படி ஏதும் இல்லை. கத்தலை விசில் என்று நினைத்து எவரும் நிற்பதில்லை என்பதால் இருக்கலாம்.


பயிற்சிக்களம் எழுதியது:

தலைப்பிலிருந்து அதிகம் விலகாத ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். பார்வையற்றோர் கால்பந்தில் குரல் கொடுப்பது கட்டாயம். பந்தை நோக்கிச் செல்லும் தடுப்பாட்டக்காரர் தாம் வருவதை அறிவிக்கும் வகையில் "வோய்" என்றோ அதைப் போன்ற வேறொரு சொல்லையோ தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பாய்ந்தால் ஃபவுல். பந்துக்குள் ஒலியெழுப்பும் பொருள் இருக்கும். கோல்கீப்பர் பார்வையுள்ளவர், அவரும் பயிற்சியாளரும் எதிரணி கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டியும் களத்தின் ஒவ்வொரு மூன்றில் ஒரு பகுதிக்கு மட்டும் பொறுப்பேற்றுக் குரல் கொடுப்பார்கள். பந்து ஓடும்போது பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்ஸிலிருந்து நடைபெற்றுவரும் இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்தால், குரலின் நம்பகத்தன்மையை விதி ஏன் காக்க வேண்டும் என்று நேர்வாதி கேட்டதற்கு என்னைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.


இடதுபின்வரிசை எழுதியது:

பழையநடுவர் அவர்களிடம் நடைமுறைக் கேள்விகள் சில. நடுவர் இருபது மீட்டர் தள்ளி நிற்கும்போது யார் கத்தியது என்று எப்படித் தெரியும்? சிறுவர் ஆட்டத்திலும் உடனே அட்டைதானா? கோலுக்கு மிக அருகே இது நடந்தால் ஃப்ரீ கிக் எங்கிருந்து எடுக்கப்படும்?


பழையநடுவர் எழுதியது:

பல வேளைகளில் தெரியாது என்பதே உண்மை. குரலைக் கேட்டிருப்போம்; வாய் அசைந்ததைப் பார்த்திருக்க மாட்டோம். அதனால் நான் பந்து வைத்திருப்பவரின் நடத்தையைப் பார்ப்பேன். நெருக்கடியில் பந்தை அடிக்க ஓங்கிய காலை ஒருவர் திடீரென்று இறக்கிக்கொண்டு ஒதுங்கினால், அடுத்த நொடி பந்தை எடுப்பவர் எதிரணி வீரராக இருந்தால், எழுந்த குரல் யாருடையது என்பதை அறிய அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. ஒதுங்கியவர் உடனே நடுவரை நோக்கிக் கையை விரிப்பதும் ஒரு தடயம், ஆனால் அதை மட்டும் நம்பி ஊதக் கூடாது. பந்தைத் தவறவிட்ட எல்லாரும் கையை விரிப்பார்கள். அந்தப் பக்கம் உதவி நடுவர் அருகில் இருந்தால் அவரைக் கேட்பதில் குறைவில்லை. கேட்காத ஒன்றை ஊகித்து அட்டை காட்டுவதைவிட விட்டுவிடுவது மேல்.

சிறுவர் ஆட்டத்தில், இரண்டு அணியினரும் கலந்து நிற்குமிடத்தில் ஒரு பிள்ளை பழக்கத்தால் "விடு" என்று கத்தினால், ஓடும்போதே "உன் ஆளின் பெயரைச் சொல்லிக் கேள்" என்று சொல்லிவிடுவேன். அது நல்ல ஆலோசனை, ஆனால் தீர்ப்பு ஆகாது. வேண்டுமென்றே எதிராளியைப்போல் குரலை மாற்றிக் கத்திய பிள்ளைக்கு வயது பார்க்க மாட்டேன்.

ஃப்ரீ கிக் குற்றம் நிகழ்ந்த இடத்திலிருந்து, அதாவது கத்தியவர் நின்ற இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும்; ஏமாந்தவர் நின்ற இடம் அல்ல. கத்தியவர் தடுக்கும் அணியினராக இருந்து, தம் கோல் பகுதிக்குள்ளேயே நின்றிருந்தால், கோல் கோட்டுக்கு இணையாக 5.5 மீட்டர் தள்ளி ஓடும் கோல் பகுதிக் கோட்டில் மிக அருகிலுள்ள புள்ளியில் பந்து வைக்கப்படும். தடுக்கும் அணி 9.15 மீட்டர் விலக அங்கே இடம் இருக்காது என்பதால், அவர்கள் இரு கம்பங்களுக்கு இடையே கோல் கோட்டின்மேல் நின்றுகொள்ளலாம். தாக்கும் அணியினர் எதிரணியின் கோல் பகுதிக்குள் நின்று கத்தியிருந்தால், தடுக்கும் அணி அந்தப் பகுதிக்குள் எந்த இடத்திலிருந்தும் உதைக்கலாம். இரண்டு நிலையிலும் நடுவர் கையை உயர்த்த வேண்டும்; பந்து இன்னொரு வீரரைத் தொடும்வரை, அல்லது வெளியே போகும்வரை, அல்லது நேரடியாகக் கோல் விழ வாய்ப்பில்லை என்பது தெளிவாகும்வரை அதை இறக்கக் கூடாது. எவரும் தொடாமல் நேரே எதிரணிக் கோலுக்குள் போனால் அது கோல் அல்ல, கோல் கிக்.